எக்ஸாஸ்ட் மாற்றித் தரும் மெக்கானிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

பழைய குழாயைக் கழற்றிவிட்டுப் பெரிய எக்ஸாஸ்ட் மாட்டித் தரும் நண்பர்களே,

வணக்கம். உங்கள் வெல்டிங்கில் எனக்குக் குறையில்லை. என் காருக்குப் புது ஹெடர் (இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் முதல் குழாய்) மாட்டியவர் வைத்த வெல்டிங், தையல் மெஷினில் அடித்ததுபோல் அவ்வளவு சீர். நான் எழுத வந்தது அந்தக் குழாயில் திருகியிருக்கும் கட்டைவிரல் அளவு சாமானைப் பற்றி. ஆக்சிஜன் சென்சார்.

புது ஹெடரில் சென்சார் உட்காரும் இடம் பழையதைவிடக் கீழே இறங்கிவிட்டது. வயர் எட்டவில்லை. பட்டறையில் என்ன செய்தார்கள் என்றால், வயரை வெட்டி, துண்டு வயர் முறுக்கிச் சேர்த்து, கறுப்பு டேப் சுற்றி, பழைய சென்சாரையே திருகி அனுப்பிவிட்டார்கள். சத்தம் அருமை. மூன்றாம் வாரம் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி0135 என்ற கோடு, அதாவது முன் சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு. வண்டியைத் தூக்கிப் பார்த்தால் டேப் உருகிக் குழாயோடு ஒட்டிக் கிடந்தது. கேட்டதற்கு, "பைப் மட்டும்தானே சார் மாத்தினோம், சென்சார்ல நாங்க கையே வைக்கலையே" என்றார்கள். கை வைக்காமல் அது பழைய குழாயிலிருந்து புதியதற்கு நடந்தா போனது?

அந்தச் சாமான் செய்யும் வேலை உங்களுக்குத் தெரியாததல்ல. உள்ளே இருப்பது சிர்கோனியா பீங்கான். ஒரு பக்கம் புகை, மறு பக்கம் வெளிக்காற்று. இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் வித்தியாசத்தை வைத்து 0.1 முதல் 0.9 வோல்ட் வரை அனுப்பும். பெட்ரோல் கூடினால் வோல்ட் ஏறும், காற்று கூடினால் இறங்கும். அதைப் பார்த்துத்தான் இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூ, 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற எடைக் கணக்கில் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு: ஒப்பிடுவதற்கான அந்த வெளிக்காற்றைப் பல சென்சார்கள் வயருக்குள் இருக்கும் இடுக்கு வழியாகத்தான் எடுத்துக்கொள்கின்றன. வயரை வெட்டி ஈயம் வைத்துப் பற்றவைத்தால் கரண்ட் போகும், காற்று போகாது. வயர் எட்டாவிட்டால் இரு முனையிலும் கனெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் போடுங்கள். குழாயில் உரசாமல் கிளிப் போட்டுக் கட்டுங்கள்.

சூடும் ஒரு பிரச்சினை. பீங்கான் சுமார் 300 டிகிரிக்கு மேல்தான் ஒழுங்காக வேலை செய்யும். இன்ஜினை விட்டுத் தள்ளிப் போகப் போகப் புகை ஆறும். ஹீட்டர் இல்லாத ஒற்றை வயர் சென்சாரை நீள ஹெடரின் கடைசியில் மாட்டினால், சிக்னலில் நிற்கும்போது அது தூங்கிவிடும். அப்படிப்பட்ட வண்டி வந்தால் ஹீட்டர் உள்ள நான்கு வயர் சென்சாருக்கு மாறலாமா என்றாவது உரிமையாளரிடம் பேசிப் பாருங்கள்.

எல்லோருக்கும் புதுசு மாட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள குழாயும் சைலன்சரும் மட்டும் மாறுகிறது என்றால் சென்சார் பக்கமே போக வேண்டியதில்லை. அங்கே புதுசு விற்பது வெறும் வியாபாரம். ஆனால் ஹெடரோ கன்வெர்ட்டரோ கழலுகிறது என்றால் மீட்டரைப் பாருங்கள். ஹீட்டர் இல்லாத சென்சாரின் ஆயுள் 50,000 முதல் 80,000 கிலோமீட்டர், ஹீட்டர் உள்ளது என்றால் 1,60,000 வரை என்பது பொதுவான கணக்கு. பாதிக்கு மேல் ஓடிய, துருவில் இறுகிய சென்சாரை நெம்பிக் கழற்றித் திரும்ப மாட்டுவதைவிட அன்றைக்கே மாற்றிவிடுவது மேல். காசு பார்க்கிறான் என்று நினைத்துவிடுவார்களோ என்ற உங்கள் தயக்கம் புரிகிறது. சொல்லிவிடுங்கள், முடிவு எங்களுடையது.

புது சென்சாரை மாட்டும்போதும் கை பழக்கத்துக்கு விடாதீர்கள். பல புது சென்சார்களின் மரையில் இறுகாமல் இருக்கப் பேஸ்ட் தடவியே வருகிறது. அதற்கு மேல் அப்பி, முனையிலும் பட்டுவிட்டால் போட்ட காசு போச்சு. சென்சாருக்கு ஆகாத சிலிக்கான் பசையால் குழாய்கள் சேரும் ஃபிளாஞ்சை ஒட்டினால் அதன் ஆவியே சென்சாரைக் கெடுக்கும். சென்சாருக்கு முன்னால் உள்ள ஜாயிண்டில் மயிரிழை லீக் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுபடும். காற்று கூடிவிட்டது என்று ஈசியூ ஏமாந்து பெட்ரோலைக் கொட்டும். புதுக் குழாயில் பாஸ் (சென்சார் திருகும் மரை வளையம்) வெல்டிங் செய்பவர்கள், சென்சார் படுக்கையாகவோ தலைகீழாகவோ நிற்காமல் 10 டிகிரியாவது மேல்நோக்கிச் சாயும்படி வையுங்கள். குழாயில் ஊறும் தண்ணீர் சூடான பீங்கானில் பட்டால் விரிசல் விழும்.

பின் சென்சாருக்கு ஸ்பேசர் போட்டு, புகையை விட்டுத் தள்ளி உட்காரவைத்து, விளக்கை அணைத்துத் தருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த சென்சார் கன்வெர்ட்டருக்குக் காவல் நிற்பது. கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற பி0420 கோடு வருகிறது என்றால் காவல்காரன் கத்துகிறான். லீக் இருக்கிறதா, கன்வெர்ட்டர் செத்துவிட்டதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு அவன் வாயைப் பொத்துகிறீர்கள்.

வண்டியை வேலைக்கு எடுத்ததும் ஒருமுறை, வேலை முடிந்ததும் ஒருமுறை ஸ்கேனரைச் செருகி ஃபியூல் டிரிம் எண்ணை, அதாவது ஈசியூ பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதைக் காட்டுங்கள். கழற்றிய பழைய சென்சாரையும் எங்கள் கையில் கொடுங்கள். முனை கறுத்துப் புகைக்கரி படிந்திருந்தால் இன்ஜின் பெட்ரோலை அதிகம் குடிக்கிறது. வெள்ளைப் பொடி படிந்திருந்தால் கூலன்ட்டோ சிலிக்கானோ உள்ளே போயிருக்கலாம், புதுசு மாட்டும் முன் அதைத் தேட வேண்டும். என் பழைய சென்சாரின் முனை வெள்ளையாக இருந்தது. அதை நான் பார்த்தது இரண்டாவது பட்டறையில்தான்.

இப்படிக்கு,
உங்களிடம் மறுபடியும் வரப்போகும் ஒரு கார்க்காரன்