எங்கள் லோங்காங்குக்கு யார் பொறுப்பு? நம் மக்கள் பிரதிநிதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நீங்கள் எந்தக் கட்சி என்று பார்த்து இதை எழுதவில்லை. மலேசியத் தமிழர்களின் ஓட்டையும் வாங்கிக்கொண்டு அவைக்குப் போயிருக்கும் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஊராட்சி மன்றங்களுக்கு மீண்டும் தேர்தல் வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, பால்மரம் (ரப்பர்) வெட்டிய அம்மாவின் கூலியில் படித்து வந்தவள்.

நாங்கள் குடியிருக்கும் தாமான் (வீடமைப்புப் பகுதி) ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம், பிறகு செம்பனை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது லயத்துச் சனங்களுக்குப் பக்கத்திலேயே வரிசை வீடுகள் கிடைத்தன. வீடுகளின் பின்புறம் பெரிய லோங்காங், அதாவது மழைநீர் வடிகால், ஓடுகிறது. அதன் ஒரு பக்கச் சுவர் சரிந்து கிடப்பதால், கனத்த மழை பெய்தால் தண்ணீர் அடுப்படிக்குள் ஏறிவிடும். புகார் கொடுக்க ஊராட்சி மன்றத்துக்குப் போனேன். சாலையையும் வடிகாலையும் மேம்பாட்டு நிறுவனம் இன்னும் மன்றத்திடம் ஒப்படைக்கவில்லை என்றார்கள். அந்த நிறுவனம் மூடிப் பல ஆண்டுகள் ஆயிற்று. மாவட்ட நில அலுவலகத்துக்குப் போனேன். வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு, இது வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் ஒதுக்கு நிலம் என்றார்கள். அந்த இலாகாவிலோ, குடியிருப்புக்குள் இருக்கும் லோங்காங் மன்றத்தின் வேலை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். எங்கும் யாரும் கடுமையாகப் பேசவில்லை, உட்காரவைத்துத்தான் பதில் சொன்னார்கள். ஆனாலும் "இது என் பொறுப்பு" என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. மதிப்பீட்டு வரியை நாங்கள் ஆண்டுக்கு இரண்டு தவணையாகக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

எங்கள் வட்டாரத்துக்கும் மன்ற உறுப்பினர் ஒருவர் உண்டு. அவர் பெயரைத் தெரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. நல்ல மனிதர். வந்து பார்த்தார், படம் எடுத்தார், கூட்டத்தில் பேசுவதாகச் சொன்னார். அடுத்த நியமனப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவரை ஏன் போட்டார்கள், ஏன் எடுத்தார்கள் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று சட்டமும் கேட்கவில்லை.

ஊர்ப் பெயரை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். பெயரை எழுதினால் இது ஒரே ஓர் அலுவலகத்தின் மீதான புகாராகிவிடும். நான் சொல்ல வந்தது 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தைப் பற்றி, அதாவது சட்டம் 171.

அந்தச் சட்டத்தின் 10ஆவது பிரிவுப்படி, ஒரு மன்றத்தில் மேயர் அல்லது தலைவரோடு 8 முதல் 24 பேர் வரை உறுப்பினர்கள் இருக்கலாம். எல்லாரையும் மாநில அரசே நியமிக்கும். பெரும்பாலோர் அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும், ஊராட்சி அனுபவமோ தொழிலில் சிறப்போ உள்ளவர்களாக, அல்லது தங்கள் சமூகத்துக்காகப் பேசக்கூடியவர்களாக இருக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. நடப்பு உங்களுக்கே தெரியும். மாநிலத்தை ஆளும் கட்சிகள் இடங்களைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, தொகுதிக் கிளைகள் பெயர்களை அனுப்புகின்றன. 15ஆவது பிரிவு எல்லாவற்றுக்கும் மேலே போய், ஊராட்சித் தேர்தல் பற்றிய எந்தச் சட்டமும் இனிச் செல்லாது என்று சொல்லிவிட்டது.

அதற்கு முன்பு நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல் நடந்துவந்தது. மலாயாவில் மக்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்டதே அதற்குத்தான். 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுன் நகராண்மைக் கழகத்தின் 9 இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் நடந்தது. நாடாளுமன்றத் தேர்தலெல்லாம் அதற்குப் பின்பு வந்தவை. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்கிய அவசரகாலத்தில் முள்வேலிக்குள் குடியேற்றப்பட்ட புதுக்கிராமங்களிலும் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மக்கள் தங்கள் உள்ளூர் மன்றங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

தோட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. தோட்டம் தனியார் நிலம். அங்கே எல்லாம் மேலாளர் துரை, கணக்கர் கிராணி, மேற்பார்வைக் கங்காணி. குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஆபீசுக்குத்தான் போய் நிற்க வேண்டும். இன்றுவரைக்கும் தோட்ட வீடு, தண்ணீர், விளக்கு எல்லாம் 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்புச் சட்டத்தின்கீழ் முதலாளியின் கடமைதான், ஊராட்சி மன்றத்தின் கடமை அன்று. புதுக்கிராமத்துச் சீனர் தன் மன்றத்துக்கு ஓட்டுப் போட்ட காலத்தில், பக்கத்துத் தோட்டத்துத் தமிழர் துரையின் பங்களா வாசலில் நின்றுகொண்டிருந்தார். நம்மவர்களில் பலருக்குக் குடியுரிமையே கைக்கு வந்து சேராத காலம் அது. குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை வாங்கி, தோட்டத்தை விட்டு ஊருக்குள் வந்து, வரி கட்டும் வீட்டுக்காரர்களாக நாம் ஆனபோது அந்த ஓட்டுப் பெட்டியே இல்லாமல் போய்விட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் ஞாபகம் வரும். நாடாளுமன்றத் தேர்தலுக்கு விடியற்காலையிலேயே குளித்து, சேலை மாற்றிக்கொண்டு போய் வரிசையில் நிற்பவர். தன் தெருவுக்கு ஒரு தடவைகூட ஓட்டுப் போடாமலே போய்ச் சேர்ந்தார்.

1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்களை நிறுத்திவைத்தார்கள். நிலைமை சீரானதும் மீண்டும் நடக்கும் என்றுதான் அப்போது சொல்லப்பட்டது. அதே ஆண்டில் ஊராட்சி மன்றங்களை ஆராய அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்றவர் ஆளும் கூட்டணியில் இருந்த ம.இ.கா.வை (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) சேர்ந்த செனட்டர் ஆதி நாகப்பன். ஜார்ஜ்டவுன், சிரம்பான் போன்ற மன்றங்களின்மீது எழுந்த முறைகேட்டுப் புகார்களால்தான் அந்த ஆணையமே வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் செய்த தவறுகளையெல்லாம் பக்கத்தில் இருந்து ஆராய்ந்த பிறகும், குறைகள் இருந்தாலும் மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றமே வேண்டும், தேர்தலை மீண்டும் நடத்துங்கள் என்று அவர் தலைமையிலான ஆணையம் பரிந்துரைத்தது. 1968 டிசம்பரில் கொடுத்த அறிக்கை அது. அதை வெளியிடவே அரசு சில ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. பிறகு அதற்கு நேர் எதிராகச் சட்டம் 171ஐ நிறைவேற்றியது.

ஆளுங்கட்சிக்காரர் ஒருவர், அதுவும் ஒரு தமிழர், அரசு விரும்பாததை அரசிடமே எழுத்தில் கொடுத்திருக்கிறார். நம் சமூக மேடைகளில் இதை யாராவது பேசி நான் கேட்டதில்லை. இனியாவது அந்த அறிக்கையை எடுத்துப் படியுங்கள்.

கோலாலம்பூரில், தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் ஆதி நாகப்பன் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அதே வட்டாரத்தில்தான் புக்கிட் கியாரா தோட்டத்தின் முன்னாள் தொழிலாளர்களுக்கு நீள்வீடுகள் அமைந்தன. தற்காலிகம் என்று சொல்லி 1980களில் அங்கே வைக்கப்பட்ட குடும்பங்கள். பக்கத்திலுள்ள ரிம்பா கியாரா பூங்கா நிலத்தில் ஓர் அடுக்குமாடித் திட்டம் வந்தபோது, அதோடு சேர்த்து அவர்களுக்கும் வீடு என்று சொல்லப்பட்டது. பூங்கா போய்விடும் என்று சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த மேம்பாட்டு அனுமதி செல்லாது என்று உறுதி செய்தது. பூங்காவைக் காத்தவர்கள் கேட்டதும் நியாயம், நீள்வீட்டுச் சனங்கள் கேட்டதும் நியாயம். ஒரே ஊரில் ஒரே காற்றைச் சுவாசிக்கும் இந்த இரண்டு தரப்பும் எதிரெதிராக நின்றது நீதிமன்றத்தில். உட்கார்ந்து பேச அவர்களுக்கு வேறு இடம் இல்லை. தலைநகரில் நியமன உறுப்பினர்கள்கூடக் கிடையாது. நியமன மேயர், ஓர் ஆலோசனை வாரியம், அவ்வளவுதான்.

இனி உங்களில் சிலர் என்னிடமே நேரில் சொன்ன பதிலுக்கு வருகிறேன். "டீச்சர், தேர்தல் வந்தால் நம்மவர்கள் ஒருவரும் ஜெயிக்க மாட்டார்கள். நியமனம் இருப்பதால்தான் ஒவ்வொரு மன்றத்திலும் நமக்கு ஒன்றிரண்டு இடம் கிடைக்கிறது" என்றீர்கள். இதை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. 2020 கணக்கெடுப்பில் குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காடு. உங்கள் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் அந்தக் கணக்கை நாடு முழுமைக்கும் போட்டுப் பார்க்கிறீர்கள். நாடாளுமன்றத்தின் 222 தொகுதிகளில் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒன்றுகூட இல்லை. எல்லையைச் சுருக்கிக்கொண்டே வந்து பாருங்கள். ஒரு தாமான், தோட்டத்தை ஒட்டிய ஒரு கம்பம் (சிற்றூர்), ஒரு மலிவுவிலை அடுக்குமாடி வரிசை என்று வரும்போது, நாம் பாதிக்கும் மேல் இருக்கும் இடங்கள் உங்களுக்கே எத்தனையோ தெரியும். பிரச்சாரத்துக்கு அங்கேதானே முதலில் வருகிறீர்கள். நம் சனங்கள் நெருங்கி வாழ்வது எண்ணிக்கையாக மதிப்புப் பெறக்கூடிய ஒரே அடுக்கு ஊராட்சிதான். அந்த அடுக்கில்தான் நமக்கு ஓட்டு இல்லை. நம் அன்றாடத்தை நேராகத் தொடுவதும் அதே அடுக்குதான்: பூமாலைக் கடைக்கு லைசென்ஸ், தீபாவளிச் சந்தையில் ஒரு கடை இடம், கோவில் கட்டட வரைபடம், சுடுகாட்டுப் பாதை, குப்பை லோரி.

பிற இனத்தார் நமக்கு ஓட்டுப் போட மாட்டார்கள் என்பதையும் நான் அப்படியே ஏற்கமாட்டேன். சீனர் பெரும்பான்மையாக வாழ்ந்த ஜார்ஜ்டவுனில் 1950களின் இறுதியில் மேயராக இருந்தவர் தொழிற்கட்சியின் டி. எஸ். இராமநாதன். ஈயச் சுரங்கச் சீனர்களின் ஊரான ஈப்போவில் நகர மன்றத்தைத் தங்கள் மக்கள் முற்போக்குக் கட்சியின் கைக்குள் வைத்திருந்தவர்கள் சீனிவாசகம் சகோதரர்கள். அவர்கள் படித்தவர்கள், நகரத்தார், தோட்டத்துப் பிள்ளைகள் இல்லை என்பீர்கள். உண்மைதான். ஆனால் இன்றைய தோட்டத்துப் பேரப்பிள்ளைகளும் படித்தவர்களே. அவர்களில் பலர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள்.

நியமன இடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த உறுப்பினர் கிளைத் தலைவருக்குப் பதில் சொல்பவர். எங்கள் தெருவுக்கு அவர் செய்தால் அது அவருடைய நல்ல மனசு. செய்யாவிட்டால் நாங்கள் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு இடங்களைக் காப்பாற்ற இவ்வளவு விலை கொடுக்கிறோம். சிறுபான்மைக்கு இடம் வேண்டும் என்றால், ஒரு வட்டாரத்துக்குப் பல உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையையோ விகிதாசார முறையையோ கேட்கலாம்.

இனக்கலவரம் வரும் என்ற பேச்சும் இருக்கிறது. 2018இல் புதிய அரசு வந்தபோது மூன்று ஆண்டுகளுக்குள் ஊராட்சித் தேர்தல் என்று அமைச்சர் அறிவித்தார். சில மாதங்களில் பிரதமரே இனமோதல் வரும் என்று சொல்லி அதை மறுத்தார். 1965இல் நிறுத்தப்படும்வரை நடந்த ஊராட்சித் தேர்தல்களை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

மாநில அரசு தனியாகச் செய்துவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். பினாங்கு 2012இல் தனிச் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆகவே நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம் என் முதல் கேள்வி: 15ஆவது பிரிவை நீக்கும் திருத்தத்துக்கு நீங்கள் கை தூக்குவீர்களா? உங்கள் பதிலை எழுத்தில் கொடுங்கள்.

சட்டமன்றத்தில் இருப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மன்ற உறுப்பினராக யாரைப் பரிந்துரைக்கிறீர்களோ அவருடைய பெயரை நியமனத்துக்கு ஒரு மாதம் முன்பே அந்த வட்டாரத்தில் ஒட்டுங்கள். அவர் எந்த ஊரில் குடியிருக்கிறார் என்பதையும் சேர்த்து ஒட்டுங்கள். சமூக மண்டபத்தில் ஒரு மாலை நேரம் அவரை எங்கள் முன் நிறுத்துங்கள், கேள்வி கேட்கிறோம். ஓராண்டு முடிந்து அவரை மாற்றினால் காரணம் சொல்லுங்கள். மன்றத்தின் முழுக் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் வரலாம் என்று சட்டத்தின் 23ஆவது பிரிவே சொல்கிறது. கூட்டத் தேதியைத் தமிழிலும் அறிவியுங்கள். இதற்கெல்லாம் எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம்.

2017இல் ஹிலிர் பேராக்கிலிருந்து பிரித்துப் பாகான் டத்தோவைப் பேராக்கின் 12ஆவது மாவட்டமாக்கினார்கள். நம் சனங்கள் தலைமுறைகளாகத் தென்னையும் செம்பனையும் வளர்த்த மண் அது. புதிய மாவட்டம் வந்தால் புதிய மாவட்ட அதிகாரி வருகிறார், அலுவலகம் வருகிறது, நான் அதை வரவேற்கிறேன். அந்த அலுவலகத்தின் எந்த நாற்காலியிலும் மக்கள் ஓட்டுப் போட்டு உட்காரவைத்த ஒருவர் இல்லையே என்பதுதான் என் கவலை.

எங்கள் லோங்காங்கின் படத்தையும், மூன்று அலுவலகங்களில் வாங்கிய பதில் கடிதங்களின் நகலையும் உங்கள் சேவை மையத்துக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். மழைக்காலம் தொடங்குமுன் ஒருவராவது வந்து பாருங்கள். வருகிறவருக்கு எங்கள் தாமானில் தேநீரும் கேள்விகளும் காத்திருக்கும்.

இப்படிக்கு,
மதிப்பீட்டு வரி கட்டும் ஒரு முன்னாள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை