மூர்த்திக்கு, அட்டவணை பற்றி

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள மூர்த்தி,

நாங்கள் நலம். அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சேகர் சொன்னான், நிம்மதி. இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே.

எந்த நாடு எவ்வளவு கார்பன் புகை விடுகிறது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு நீ போட்ட அட்டவணையை இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லையே? கொடுக்காதே. 2022க்குச் சீனா 11.4 பில்லியன் டன், அமெரிக்கா 1.4 என்று இருக்கிறது. முதல் எண் கார்பன் டை ஆக்சைடு, இரண்டாவது வெறும் கார்பன். 3.67ஆல் பெருக்கு (கார்பன் டை ஆக்சைடின் மூலக்கூறு எடை 44ஐக் கார்பனின் அணு எடை 12ஆல் வகுத்தால் வருவது), அமெரிக்கா 5ஐத் தாண்டும். கணக்கில் புலி என்று வாத்தியார் உன்னைத்தானே சொல்வார்!

அடுத்தது, மீத்தேனைச் சேர்த்தாயா இல்லையா? நிலக்கரி, எண்ணெய், எரிவாயுப் புகை மட்டும் என்றால் இந்தியாவில் தலைக்குச் சுமார் 2 டன். நெல்வயலும் மாடும் விடும் மீத்தேன் சேர்ந்தால் கூடும். பூமியைச் சூடாக்குவதில் ஒரு டன் மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் ஏறக்குறைய 28 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், இருபதாண்டுக் கணக்கில் 80க்கும் மேல். எந்தக் கணக்கு என்று தலைப்பிலேயே எழுது.

மொத்தத்தில் சீனா முதலிடம். தலைக்கு என்றால் அது சுமார் 8 டன், அமெரிக்கா 15. தலைக்கணக்கில் உச்சியில் நிற்கும் கத்தார், உலக மொத்தத்தில் அரை சதவீதம்கூட இல்லை. அதனால் மொத்தம், தலைக்கு என்ற இரண்டு பத்தியும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும்.

என்னை உறுத்துவது வேறு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிகிறது; மின்சாரம் கேரளா, கர்நாடகா, உங்கள் புதுச்சேரி வரை போகிறது. புகை முழுவதும் எங்கள் மாவட்டத்துப் பேரில். நாடுகளுக்கும் இதே கதைதான். செய்கிறவன் பேரில் இல்லாமல் பொருளை வாங்குகிறவன் பேரில் எழுதினால் சீனாவின் கணக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இறங்கும், சுவிட்சர்லாந்தின் கணக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஏறும்.

இந்தப் புகை நூற்றாண்டுக்கணக்கில் வானத்திலேயே நிற்பது. 1850 முதல் கூட்டினால் நிலக்கரி, எண்ணெய்ப் புகையில் கால் பங்கு அமெரிக்காவுடையது; நம்முடையது மூன்று சதவீதத்தை ஒட்டித்தான். பிள்ளைகளுக்கு இது கட்டாயம் தெரிய வேண்டும். அதற்காக அந்த 2 டன்னுக்குப் பின்னால் நாம் ஒளிந்துகொள்ளவும் கூடாது, மூர்த்தி. அது சராசரி. நாலு ஏசி ஓடும் வீடும், தேவனாம்பட்டினத்துக் குடிசையும் அதற்குள் ஒன்றாகக் கிடக்கின்றன.

ஒவ்வொரு பத்திக்கும் ஆண்டு, அலகு, எந்த வாயு, யார் பேரில் என்ற நாலையும் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. வரி வரியாகப் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
ராஜா