செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. புத்தகக் கண்காட்சியும் கட்டுரைப் போட்டியும் நல்லபடியாக நடந்தன.

சுற்றுச்சூழல் கல்வி மாணவர்களுக்கு நாம் நடத்திய தகவல் அறிதிறன் வகுப்பை, அதாவது ஒரு தகவலின் ஆதாரத்தைத் தேடிச் சரிபார்க்கப் பழக்கும் வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "நம்பகமான இணையதளங்களின் பட்டியலைக் கொடுத்தால் போதாதா, வகுப்பு எதற்கு?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். போதாது. காரணம் இதோ.

எந்தப் பட்டியல் போட்டாலும் முதலில் வரும் பெயர் ஐபிசிசி, அதாவது காலநிலை மாற்றம் பற்றிய ஆய்வுகளை மதிப்பிடும் ஐ.நா. குழு. அதன் 2007 மதிப்பீட்டு அறிக்கையில், புவி இதே வேகத்தில் வெப்பமடைந்தால் இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துபோக மிகுந்த வாய்ப்பு உண்டு என்று ஒரு வரி இருந்தது. மாணவர்கள் அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். சரி, இதற்கு என்ன ஆதாரம் என்று தேடச் சொன்னேன். அங்கே காட்டப்பட்டிருந்தது உலக இயற்கை நிதியத்தின் 2005 அறிக்கை. அதைத் திறந்தால் 1999-இல் நியூ சயின்டிஸ்ட் இதழில் வந்த ஒரு செய்தி. அதுவும் ஒரு விஞ்ஞானியிடம் கேட்டு எழுதியதே தவிர ஆய்வுக் கட்டுரை அல்ல. அப்புறம் 1996-இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கையைக் கொடுத்தேன். துருவங்களுக்கு வெளியே உள்ள பனிப்பரப்பு 5 லட்சம் சதுர கிலோமீட்டரிலிருந்து 1 லட்சமாகச் சுருங்கும் என்கிறது அது, ஆனால் 2350-இல். ஐபிசிசி பத்தியிலும் அதே 5 லட்சம், அதே 1 லட்சம், ஆண்டு மட்டும் 2035. கடைசி வரிசை மாணவி ஒருவர் இரண்டு தாள்களையும் ஒட்டி வைத்து, இரண்டு ஆண்டுகளுக்கும் அடியில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். அந்தப் பத்தி தகுந்த ஆதாரமில்லாதது என்று 2010 ஜனவரியில் ஐபிசிசியே வருத்தம் தெரிவித்தது.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். "அப்படியென்றால் பனி உருகுவதே பொய்யா?" என்று சிலர் கேட்டார்கள். அதே 2007 ஐபிசிசி அறிக்கையின் முதல் தொகுதியில் பனியாறுகள் பற்றிய அத்தியாயத்தைப் படிக்க வைத்தோம். அங்கே 2035 என்ற பேச்சே இல்லை. பனியாறுகள் சுருங்கி வருவதற்கு அளவீடுகள் இருக்கின்றன. ஒரு வரி தவறு என்பதற்காக முழு அறிக்கையையும் தூக்கி எறியக்கூடாது, பெயர் பெரிது என்பதற்காக ஒவ்வொரு வரியையும் நம்பிவிடவும் கூடாது. இதை எந்தப் பட்டியலும் கற்றுத்தராது. பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஆள் வேண்டும்.

அந்த ஆட்கள்தான் வரவில்லை. மேசைக்கு ஒருவர் என்று சென்ற பொதுக்குழுவில் கைதூக்கிப் பெயர் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் முதல் வகுப்போடு நின்றுவிட்டார்கள். வர இயலாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் வேறு ஏற்பாடு செய்திருக்கலாம். பொருளாளரும் நானும் எல்லா மேசைகளுக்கும் ஓடினோம். சந்தேகத்தோடு கைதூக்கிய மாணவர்கள் பலர் பதில் கிடைக்காமலே வீடு திரும்பினார்கள். அது எனக்கு இன்னும் வருத்தம்.

வரவு செலவுக் கணக்கைத் தணிக்கையாளர் பார்த்துவிட்டார். செலவில் பெரும்பகுதி வகுப்புக்குப் பிரதி எடுத்ததற்கே போயிற்று. வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல். சந்தா பாக்கி வசூலானால் அந்தப் பள்ளம் நிரம்பிவிடும். நினைவூட்டல் கடிதம் எல்லோருக்கும் போயிருக்கிறது. திரும்பவும் பெயர் சொல்லி வாசிக்க விரும்பவில்லை.

இடம் தந்த நூலகத்துக்கும், ஒத்துழைத்த பேராசிரியர்களுக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கான பாடம் தயார். 2019-இல் அமேசான் காடு எரிந்தபோது பிரான்ஸ் அதிபர் மக்ரோனே பகிர்ந்த ஒரு படம், 2003-இலேயே இறந்துபோன புகைப்படக் கலைஞர் எடுத்தது. அந்தப் படத்தின் மூலத்தை மாணவர்களே கண்டுபிடிக்க வேண்டும். மேசைக்கு ஓர் உறுப்பினர் கிடைத்தால் வகுப்பை நடத்தலாம். இல்லையென்றால் செயற்குழு கேட்ட பட்டியலைத்தான் அச்சடித்துக் கொடுக்க வேண்டியிருக்கும். செயலாளர் பொறுப்பில் நான் தொடர்வதும் அதைப் பொறுத்ததே. பெயர்ப் பதிவேடு பொருளாளரின் மேசையில் இருக்கிறது. எந்தெந்த வகுப்புக்கு வருவீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்