காரிங்டனின் மரக்கோட்டை

அன்புள்ள சேகர்,

பதில் போடாததற்கு இந்நேரம் என்னை வைது தீர்த்திருப்பாய். வை, கேட்டுக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. எழுத வந்த சங்கதி வேறு.

மகன் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துப் பக்கம் காரில் கூட்டிப்போனான். பிக்ஹார்ன் மலையடிவாரத்தில் ஃபில் கியர்னி கோட்டை என்று ஓர் இடம். கோட்டை என்றதும் செஞ்சியை நினைத்துவிடாதே, பார்க்கப்போனால் வெறும் புல்வெளி. அதன் ஆயுசே இரண்டு வருடம், 1866 முதல் 1868 வரை. வந்ததிலிருந்து இதே பேச்சாக இருக்கிறேன் என்று வீட்டில் எனக்குக் 'கர்னல்' பட்டம் கொடுத்தாயிற்று.

மொன்டானாவில் தங்கம் கிடைத்தது. அங்கே போகிற போஸ்மன் பாதை லக்கோட்டா என்ற பூர்வகுடி மக்களின் வேட்டை நிலத்துக்குள் புகுந்து போயிற்று. லாரமி கோட்டையில் அவர்களிடம் சம்மதம் கேட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பாதையைக் காக்கக் கோட்டை கட்ட அமெரிக்கக் கர்னல் காரிங்டன் பட்டாளத்தோடு வந்து இறங்கினார். கேட்கும்போதே படையா என்று லக்கோட்டா தலைவர் ரெட் கிளவுட் எழுந்து போய்விட்டார். போகாமல் என்ன செய்வார்?

காரிங்டன் தொழிலில் வக்கீல். போர்க்களம் பார்த்தவர் இல்லை, ஆனால் கட்டடம் கட்டுவதில் கெட்டிக்காரர். பேண்டு கோஷ்டி, மரம் அறுக்கும் இயந்திரம் சகிதம் வந்து, 17 ஏக்கரைச் சுற்றி எட்டடி உயரத்துக்கு மரமதில் எழுப்பிவிட்டார். நம் ஓவர்சியர் மாமாவும் இதைத்தான் செய்திருப்பார்!

கேலி இருக்கட்டும். வினையே அந்த மரத்தில்தான். பைன் காடு ஐந்தாறு மைல் தள்ளி இருந்தது. வண்டி கட்டிக்கொண்டு வெட்டப் போனால் வழியில் தாக்குதல். உயிரைக் காக்க வேண்டிய மதிலுக்காக மதிலுக்கு வெளியே போய்ச் செத்தார்கள்.

1866 டிசம்பர் 21 அன்றும் மரவண்டிகளைக் காப்பாற்றத்தான் காரிங்டனின் கீழ் இருந்த கேப்டன் ஃபெட்டர்மன் வீரர்களோடு கிளம்பினார். லாட்ஜ் டிரெயில் மேட்டைத் தாண்டாதே என்று உத்தரவிட்டதாகக் காரிங்டன் சொல்கிறார். போக்குக் காட்டி ஓடிய பூர்வகுடி வீரர்கள் சிலரைத் துரத்திக்கொண்டு ஃபெட்டர்மன் தாண்டிவிட்டார். அவரையும் சேர்த்து 81 பேர், ஒருவர்கூடத் திரும்பவில்லை. அந்தப் பக்கம் போய் நின்றபோதுதான் உறைத்தது, சேகர். மேட்டுக்கு அப்பால் நடப்பது கோட்டைக்குத் தெரியாது, துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்கும். உள்ளே இருந்த பெண்கள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

லக்கோட்டா மக்களோடு செய்த 1868 ஒப்பந்தப்படி பட்டாளம் காலி செய்தது. போன கையோடு பூர்வகுடியினர் கோட்டையைக் கொளுத்திவிட்டார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. நீ சண்டைக்கு வருவாய், தெரியும்.

அப்புறம், தங்கச்சியிடம் சொல்ல ஒரு கதை. அன்று விதவையான ஃபிரான்சிஸ் கிரம்மண்டுக்கு ஆறுதலாக இருந்தவர் காரிங்டனின் மனைவி மார்கரெட். 1870இல் மார்கரெட் காலமானார். மறு வருடமே ஃபிரான்சிஸ் காரிங்டனைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் கோட்டை வாழ்க்கையைப் பற்றி இருவருமே தனித்தனியாகப் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். யார் பக்கம் நியாயம் என்று தங்கச்சியிடம் கேட்டு எழுது.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன்,
ரகு