சண்டைக்கு முன்னால் போனவர்கள்

லீட்ஸ்
ஞாயிறு இரவு

அன்புள்ள முருகேசா,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடாமல் நாலு மாதம் இருந்துவிட்டேன். மன்னித்துக்கொள். அம்மாவின் முட்டிவலி குறைந்திருக்கிறது என்று படித்து நிம்மதி. தங்கச்சிக்குத் தலைமையாசிரியை வேலை கிடைத்ததற்கு என் வாழ்த்தைச் சொல். இனி நீ வீட்டிலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டியதுதான், பெரியசாமி வாத்தியார் வகுப்பில் நின்ற மாதிரி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று கார்த்தியைக் கூட்டிக்கொண்டு பக்டன் பைக் என்ற மலைக்குப் போனேன். யார்க்ஷயரில் இருக்கிறது, 702 மீட்டர். பொதிகையில் ஏறினவனுக்கு இது ஒரு மேடு. ஆனால் மேலே மரம் கிடையாது, ஒதுங்க இடம் கிடையாது, காற்று ஆளைத் தள்ளுகிறது. உச்சிக்குப் பக்கத்தில் ஒரு கல் சிலுவை நிற்கிறது. அதன் அடிப்பீடத்தில் விமானத்தின் உடைந்த துண்டுகளைப் பதித்திருக்கிறார்கள். கூடவே சின்னதாக ஒரு நரித் தலை. கார்த்தி குனிந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நரி எதுக்குப்பா?" என்று கேட்டான்.

1942 ஜனவரி 30, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பிராம்கோட் பயிற்சித் தளத்தைச் சேர்ந்த ஒரு வெல்லிங்டன் குண்டுவீச்சு விமானம். உள்ளே ஆறு பேர், எல்லோரும் போலந்துக்காரர்கள். நாட்டை ஜெர்மன்காரன் பிடித்துக்கொண்டதும் எப்படியோ தப்பி இங்கிலாந்து வந்து, திருப்பிப் போராடப் பழகிக்கொண்டிருந்தவர்கள். பனிப்புயலில் வழி தெரியாமல் இந்த மலையில் மோதினார்கள். நாலு பேர் அங்கேயே போய்விட்டார்கள். ஒருவருக்கு உயிர் இருந்தது, ஆனால் பலத்த அடி. பின்பக்கத் துப்பாக்கிக்காரருக்குக் கணுக்கால் முறிந்திருந்தது. உதவி தேடி அவர்தான் கிளம்பினார். கண்ணுக்கு முன்னால் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை, எந்தப் பக்கம் ஊர் என்று தெரியாது. அப்போது பனியில் நரியின் காலடித் தடத்தைப் பார்த்திருக்கிறார். இந்தக் குளிரில் நரி இரை தேடி மனுஷர் இருக்கிற இடத்துக்குத்தான் போகும் என்று யோசித்து, அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே தவழ்ந்து கிரே என்ற சின்னக் கிராமத்துக்கு இறங்கிவிட்டார். மேலே உயிரோடு விட்டுவந்த நண்பரிடம் புயலில் யாராலும் போய்ச் சேர முடியவில்லை. ஆறு பேரில் மிஞ்சியது இவர் ஒருவர்தான். 1973இல் அந்தச் சிலுவையை நட்டதும் இவர்தான். கூட இருந்தவர்களோடு நரிக்கும் அதில் ஓர் இடம் கொடுத்தார்.

கார்த்திக்கு இருபது வயது முடிந்துவிட்டது. இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்போ அவங்க சண்டைக்கே போகலையா?" என்றான். முருகேசா, அந்த ஒரு கேள்வியில், ராணுவப் பயிற்சியிலேயே போன நம் சேகர் எனக்கு ஞாபகம் வந்துவிட்டான். துக்க வீட்டில், ஊரே உட்கார்ந்திருக்கும்போது, சேகர் அம்மாவிடம் ஒருவர் கேட்டாரே, "எந்த எல்லையில?" என்று. அவர் கெட்ட மனசோடு கேட்கவில்லை. "ட்ரெயினிங்லதான்" என்று அம்மா சொன்னதும் அவர் "ஓ" என்று தலையைக் குனிந்துகொண்டார். அந்த "ஓ" இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்று முதல் எனக்குள் இருந்ததுதான் இங்கே வந்தபிறகு இவர்களைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க வைத்தது. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பறந்தவர்கள் ஏறக்குறைய 1 லட்சத்து 25 ஆயிரம் பேர். அத்தனை பேரும் தாமாக முன்வந்தவர்கள். அதில் 55,573 பேர் திரும்பவில்லை. அந்தக் கணக்குக்குள்ளே 8 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எதிரியின் கையால் சாகவில்லை, விபத்தில் போனவர்கள். பயிற்சி, மோசமான வானிலை, மலை, நின்றுபோன இயந்திரம்.

ஏன் இவ்வளவு பேர் என்றால், நல்ல விமானமெல்லாம் சண்டைக்குப் போய்விடும், ஓய்ந்துபோனதுதான் பயிற்சிக்கு வரும். போன கடிதத்தில் ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரிப் பூதத்தைப் பார்த்தாயா என்று கேட்டிருந்தாயே, அதே ஏரியில் ஒரு வெல்லிங்டன் கிடந்தது தெரியுமா? 1939 டிசம்பரில் ஜெர்மன் கடற்கரைக்குப் போய், கூடப் போனதில் பாதிக்கு மேல் விழுந்தபோதும் முழுசாகத் திரும்பிய விமானம் அது. அதையே பயிற்சிக்கு விட்டார்கள். 1940 டிசம்பர் 31 அன்று மலைக்கு மேலே ஓர் இயந்திரம் நின்றுபோனது. ஆறு பேரைக் குதிக்கச் சொல்லிவிட்டு விமானிகள் இருவரும் ஏரியில் இறக்கிவிட்டார்கள். அவர்கள் பிழைத்தார்கள், குதித்ததில் பின்பக்கத் துப்பாக்கிக்காரர் மட்டும் இறந்துபோனார். பூதம் தேடி வந்தவர்கள்தான் 1976இல் அதைத் தண்ணீருக்கடியில் கண்டுபிடித்தார்கள். 1985இல் தூக்கி எடுத்து, இப்போது புரூக்லண்ட்ஸ் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஒரே விமானத்தில் பறக்கும் குழுவை அவர்கள் சேர்த்த விதம் கேட்டால் ஆச்சரியப்படுவாய். விமானிகள், வழி பார்ப்பவர்கள், வயர்லெஸ்காரர்கள், குண்டு வீசுபவர்கள், துப்பாக்கிக்காரர்கள் எல்லோரையும் ஒரு பெரிய விமானக் கொட்டகைக்குள் விட்டு, "நீங்களே ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுவார்களாம். சிரித்த முகமாக இருக்கிறான், ஊர் ஒன்று, கையில் நல்ல சிகரெட் வைத்திருக்கிறான், இப்படி ஏதாவது ஒன்றைப் பார்த்து ஒருத்தரையொருத்தர் கேட்டுச் சேர்ந்துகொள்வார்கள். அப்படிச் சேர்ந்தவர்கள் சேர்ந்தே பறந்தார்கள், பல பேர் சேர்ந்தே செத்தார்கள். ஹாரோகேட்டில் ஸ்டோன்ஃபால் என்ற கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே கிடப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு கனடாப் பையன்கள். வரிசையாக நடந்து போனால் ஒரே தேதி பக்கத்துப் பக்கத்துக் கல்லில் வரும். இருபது, இருபத்தொன்று, பத்தொன்பது என்று வயது. யார் ஜெர்மனிக்குப் போய்த் திரும்பும்போது விழுந்தவர், யார் பயிற்சியில் விழுந்தவர் என்று கல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே உயரம், ஒரே வெள்ளை.

ஆனால் அன்றைய பட்டியல்களில் பிரித்துத்தான் போட்டார்கள். எதிரியால் இறந்தால் "போரில் மாண்டார்". விபத்தென்றால் "பணியில் மாண்டார்". இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. 1942 மே 30 இரவு ஜெர்மனியின் கொலோன் நகரத்தின் மேல் ஆயிரம் விமானம் போகவேண்டும் என்று முடிவு செய்தார்கள். படையில் அத்தனை விமானம் இல்லை. பயிற்சிப் பிரிவுகளிலிருந்து விமானத்தையும் ஆளையும் இழுத்துத்தான் 1,047 ஆக்கினார்கள், மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான். எண்ணிக்கை தேவைப்பட்ட இரவில் அவர்கள் போர்வீரர்கள். மறுவாரம் ஒரு மலையில் மோதினால் மட்டும் வேறு பட்டியலா?

நீ கேட்பாய், தெரியும்: ஊர்களை எரிக்கப் போகிறவர்கள்தானே, அவர்களுக்கா இவ்வளவு உருகுகிறாய் என்று. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் குண்டுவீச்சில் ஒரே வாரத்தில் பல்லாயிரம் ஜனங்கள் வெந்து செத்தார்கள். அதை நான் மறக்கவும் இல்லை, அது சரி என்று சொல்லவும் மாட்டேன். அந்தச் சிலுவைக்கு முன்னால் நிற்கும்போதும் அது மனசில் இருந்தது. ஆனால் அந்த ஐந்து பேர் ஒரு குண்டுகூடப் போடவில்லை. அவர்களுடைய அம்மாக்களுக்குப் பிள்ளை போனது போனதுதான்.

லிங்கனில் குண்டுவீச்சுப் படைக்காக 2018இல் திறந்த நினைவிடத்தில், பறந்தவர்களோடு மற்றப் பணியில் இருந்தவர்களையும் சேர்த்து, 58 ஆயிரத்துக்கு நெருக்கமான பெயர்களை இரும்புச் சுவர்களில் வெட்டியிருக்கிறார்கள். பயிற்சியில் இறந்தவர்களும் அதே சுவரில், மற்றவர்களோடு கலந்து. ஒருவர் விரலால் ஒரு பெயரைத் தடவிக்கொண்டு நின்றதை அங்கே பார்த்தேன். எழுத்தை வெட்டி எடுத்திருப்பதால் அதன் வழியே பின்னாலிருந்து வெளிச்சம் வருகிறது.

இப்போது நான் கேட்கப்போவதைக் கேள். ஊரில் கொடிமேடையைப் புதுப்பிக்கப் போகிறார்கள், ராணுவத்தில் இறந்தவர்கள் பெயர்க் கல்லையும் மாற்றுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். பழைய கல்லில் சேகர் பெயர் இல்லை. "சண்டையில சாகலையே" என்று அன்று சொல்லிவிட்டார்கள், நாமும் சின்னப் பையன்கள், வாயைத் திறக்கவில்லை. இந்த முறை விடக்கூடாது முருகேசா. நீ போய்ப் பேசு. பணம் குறைகிறதென்றால் என் பங்கை இந்த வாரமே அனுப்புகிறேன். கணேசனையும் கூட்டிக்கொண்டு போ, அவன் பேசினால் அங்கே கேட்பார்கள்.

முதலில் சேகர் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. அவர்களுக்குச் சம்மதமென்றால் மட்டும். அப்படியே முதலெழுத்தையும் கேட்டு வாங்கிக்கொள். பள்ளிக்கூடப் பதிவேட்டில் தவறாக இருந்தது என்று அவன் கடைசிவரை புலம்பிக்கொண்டிருந்தான், உனக்கு ஞாபகம் இருக்கும்.

அன்புடன்,
ரவி