மண்டல செயல் இயக்குநருக்கு மூன்று ஆண்டுகளாவது வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்திய விமான நிலைய ஆணையத்தின் தென்மண்டலத்துக்குப் புதிய செயல் இயக்குநர் (மண்டலத் தலைவர்) வந்தால், நாளிதழ்களில் பூங்கொத்துப் படமும் நான்கு வரிச் செய்தியும் வருகின்றன. அந்தப் பதவிக்கு ஒருவர் எப்படி வந்து சேருகிறார், வந்தபின் அவர் கையில் என்ன இருக்கிறது என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். ஓடுபாதை நீட்டிப்புகள் ஏன் இழுத்துக்கொண்டே போகின்றன என்ற கேள்விக்கான விடையில் ஒரு பங்கு அங்கே இருக்கிறது.

வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பிரிவையே எடுத்துக்கொள்வோம். இயற்பியல், கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரியோ பொறியியல் பட்டதாரியோ 20 வயதுகளில் ஜூனியர் எக்ஸிகியூட்டிவாகச் சேர்வார். பிரயாக்ராஜ், ஹைதராபாத், கோண்டியா ஆகிய பயிற்சி மையங்களில் ஒன்றில் பயிற்சி. பிறகு டவர் (ஓடுபாதையும் அதன் அருகும்), அப்ரோச் (நிலையத்தை நெருங்கும், விட்டுக் கிளம்பும் விமானங்கள்), ரேடார், ஏரியா (தொலைவில் உயரே பறப்பவை) என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரேட்டிங், அதாவது அந்தப் பணியைச் செய்வதற்கான தகுதிச் சான்று, வாங்க வேண்டும். சென்னையில் வாங்கிய ரேட்டிங் திருவனந்தபுரத்தில் செல்லாது. மாற்றலாகிப் போனால், அந்த ஊரின் ஓடுபாதை, சுற்றியுள்ள குன்றுகள், தரையிறங்கும் நடைமுறைகள் எல்லாவற்றையும் படித்து மறுபடியும் தேர்வு எழுத வேண்டும். உதவி மேலாளரில் தொடங்கிப் பொது மேலாளர் வரை படிப்படியாக ஏறி முடிக்க முப்பது ஆண்டுக்குப் பக்கம் ஆகிவிடுகிறது. அதற்கும் மேலே இருப்பதுதான் செயல் இயக்குநர் பதவி. ஓய்வு வயது 60. இவ்வளவு அனுபவத்தோடு வருபவருக்கு ஓராண்டோ இரண்டாண்டோ மட்டுமே மிச்சமிருந்தால் என்ன செய்ய முடியும்?

அவரைத் தேடி வரும் வேலையில் பொதுமக்களை நேராகத் தொடுவது, கட்டட உயரத்துக்கான தடையின்மைச் சான்று. 2015-ஆம் ஆண்டு விதிகளின்படி விமான நிலையங்களைச் சுற்றி வண்ணக் குறியீட்டு வரைபடம் இருக்கிறது. சிவப்புப் பகுதி தவிர மற்ற இடங்களில், வரைபடம் அனுமதிக்கும் உயரத்துக்குள் கட்டினால் உள்ளாட்சி அமைப்பே ஒப்புதல் தரலாம். விண்ணப்பங்கள் சிக்குவது பெரும்பாலும் அளவுகளில்தான். சான்றிதழ் தரும் உயரம் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடப்படுவது. அனுமதி 60 மீட்டர், மனையின் தரைமட்டம் 14 மீட்டர் என்றால் கட்டடம் 46 மீட்டர்தான். தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, இடிதாங்கி, ஆன்டெனா எல்லாம் இந்த 46-க்குள் அடங்க வேண்டும். தரைமட்டத்தைக் குறைத்துக் காட்டியவர்கள் பிறகு மேல்தளத்தை இழக்கிறார்கள். மனையின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை டபிள்யூ.ஜி.எஸ்.-84 முறையில் (ஜி.பி.எஸ். பயன்படுத்தும் உலகப் பொது அளவை முறை) தராமல் பழைய நில அளவை வரைபடத்திலிருந்து எடுத்தால் மனையின் இடமே தள்ளிப்போகும். கட்டும்போது நிறுத்தும் கிரேனின் உயரத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஓடுபாதை நீட்டிப்பு இதைவிடச் சிக்கலானது. நிலம் எடுத்துத் தருவது மாநில அரசு. அது துண்டு துண்டாகக் கைக்கு வந்தால் சுற்றுச்சுவரைக்கூட முடிக்க முடியாது. நிலம் முழுவதும் வந்தபின் தடைகள் பற்றிய அளவீடு, ஓடுபாதையை ஒட்டிய பட்டையைச் சமன்செய்தல், முடிவில் விடும் பாதுகாப்புப் பகுதி (விமானம் ஓடுபாதையைத் தாண்டினால் சேதத்தைக் குறைக்கும் இடம்) என்று வேலை நீளும். ஓடுபாதை முனைக்கு அப்பால் இருக்கும் லோக்கலைசர் ஆன்டெனாவையும் (தரையிறங்கும் விமானத்துக்கு ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் கருவி) இடம் மாற்ற வேண்டும். மாற்றினால் ஆணையத்தின் சோதனை விமானம் வந்து பறந்து சரிபார்க்காமல் அதை இயக்க முடியாது. பிறகு விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விமான நிலைய உரிமத்தில் திருத்தம் தர வேண்டும். கடைசியாக, விமான நிலைய மாற்றங்களுக்காக உலகம் முழுதும் 28 நாளுக்கொரு முறை வரும் அறிவிப்புத் தேதிகளில் ஒன்றில் அது நடைமுறைக்கு வர வேண்டும். அந்தத் தேதியைத் தவறவிட்டால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

கோழிக்கோட்டில் 2020 ஆகஸ்ட் 7 அன்று விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 21 பேர் இறந்தார்கள். அங்கே பாதுகாப்புப் பகுதியை விரிவாக்க 14.5 ஏக்கர் நிலம் தேவைப்பட்டது. அது கைக்கு வருவதற்கே மூன்று ஆண்டுக்கு மேல் ஆனது. இப்படிப்பட்ட ஒரு பணியை, தொடங்கியவரே முடித்துவைப்பார் என்று இன்றைய நியமன முறையில் எப்படி எதிர்பார்ப்பது? மாவட்ட ஆட்சியரும் மாறுகிறார், மண்டலத் தலைவரும் மாறுகிறார். புதிதாக வருபவர் கோப்பை முதல் பக்கத்திலிருந்து படிக்கிறார்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாதுகாப்புச் சோதனை வரிசை நீள்வதற்கும் டிக்கெட் விலை ஏறுவதற்கும் இந்த அதிகாரியைக் குறை கூறுவது நியாயமல்ல. அவை அவருடைய அதிகாரத்தில் இல்லை.

எனவே விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு எங்கள் கோரிக்கை இதுதான்: பணிக்காலத்தில் குறைந்தது மூன்று ஆண்டுகள் மீதமுள்ளவரையே மண்டல செயல் இயக்குநராக நியமியுங்கள். ஓய்வு பெறுபவரும் புதியவரும் ஒரு மாதமாவது சேர்ந்து பணியாற்றட்டும். ஒவ்வொரு விமான நிலையத்திலும் நிலுவையிலுள்ள நிலம், அகற்ற வேண்டிய தடைகள், உரிமத் திருத்தம் ஆகியவற்றின் பட்டியல் இருவர் கையெழுத்தோடும் கைமாறட்டும். அந்தப் பட்டியலைத் தமிழிலும் வெளியிட்டால், மதுரை, கோவை மக்கள் தங்கள் ஊர் ஓடுபாதை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
விமான நிலையப் பணியில் அனுபவமுள்ள வாசகர்கள்,
திருச்சிராப்பள்ளி