மிளகைத் தேடும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

உன் பூனை மிளகைக் காணோம் என்று போனில் நீ அழுததில் பாதிப் பேச்சு எனக்குப் பிடிபடவில்லை. நான் சொன்னதும் உனக்குச் சரியாகக் கேட்டிருக்காது. அதனால்தான் எழுதுகிறேன். தபாலில் போட்டால் நாளாகும், தம்பி இதைப் போட்டோ எடுத்து இப்போதே உனக்கு அனுப்பிவிடுவான். படித்துவிட்டு இன்று ராத்திரியே டார்ச்சோடு கிளம்பு.

மிளகு செத்துப்போயிருக்கும் என்று நீயாக முடிவு கட்டாதே. கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் இப்படி அழுதுகொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பூனையைக் காணோம் என்றால் பெரும்பாலும் அது எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். நாய் பயந்து ஓடினால் தெருத்தெருவாக ஓடிக்கொண்டே இருக்கும். பூனை கிடைத்த முதல் இடுக்கில் புகுந்து மூச்சுக் காட்டாமல் கிடக்கும். நீ பேர் சொல்லிக் கூப்பிட்டபடி பத்தடி தள்ளி நடந்து போவாய், உன் குரல் நன்றாகவே கேட்டும் பதில் குடுக்காது. உன்மேல் பாசம் விட்டுப்போய்விட்டதோ என்று கேட்டாயே, அப்படி நினைக்காதே கண்ணு. சத்தம் போட்டால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும் என்பது அதன் ரத்தத்தில் ஊறியது. அடிபட்ட பூனையும் இப்படித்தான், வலி எவ்வளவு இருந்தாலும் வாய் திறக்காது.

அதுவும் மிளகுக்கு அந்த இடம் புதுசு. ஆதம்பாக்கத்தில் அது வளர்ந்த தெரு வேறு, நங்கநல்லூரில் இப்போது நீ குடிபோயிருக்கிற தெரு வேறு. வந்த சில நாளில் சாவு ஊர்வலம் போய், வெடிச்சரத்தைக் கொளுத்திப் போட்டிருக்கிறார்கள். சத்தத்தின் சுருதி ஏற ஏற நம் காதுக்கு ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், பூனைக்கு 60,000-ஐத் தாண்டியும் கேட்கும். நமக்கே நெஞ்சு அதிருகிற வெடி அதற்கு என்னவாக இருந்திருக்கும்! கொசுவலையைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது என்றால் அந்தப் பயத்தில் கதவு இருந்தாலும் முட்டித்தான் இருக்கும். ஜன்னலைச் சாத்தாமல் விட்டேனே என்று நீ உன்னையே போட்டு அடித்துக்கொள்வதில் நியாயமே இல்லை.

காணாமல் போன 1,210 பூனைகளைப் பற்றி அவற்றை வளர்த்தவர்களிடம் கேட்டு நடத்திய ஓர் ஆய்வு 2018-ல் வெளிவந்தது. மூன்றில் ஒரு பங்குப் பூனைகள் ஒரு வாரத்துக்குள் உயிரோடு கிடைத்திருக்கின்றன. ஒரு வருடத்துக்குள் பார்த்தால் 61 சதவீதம். கிடைத்தவற்றில் முக்கால்வாசி, தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே இருந்திருக்கின்றன. இது வெளிநாட்டுக் கணக்கு, நம் தெருவுக்கும் நாய்களுக்கும் அப்படியே பொருந்திவிடாது. ஆனால் அதில் சொன்ன ஒரு விஷயம் நான் கண்ணால் பார்த்ததோடு ஒத்துப்போகிறது. நோட்டீஸ் ஒட்டிவிட்டு வீட்டில் காத்திருந்தவர்களைவிட, இறங்கி நடந்து குனிந்து தேடியவர்களுக்குத்தான் பூனை உயிரோடு கிடைக்கிறது.

நீ தெருமுனை வரை போய்ப் போய்த் திரும்புகிறாய். அவ்வளவு தூரம் இப்போதைக்கு வேண்டாம். உன் வீட்டுக் காம்பவுண்டிலிருந்து ஆரம்பி. மாடிப்படிக்கு அடியில், மோட்டார் ரூம், மீட்டர் பெட்டிக்குப் பின்னால், ஏசி மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில், மொட்டைமாடியில் தண்ணீர் டேங்குக்கு அடியில். அப்புறம் ரெண்டு வீட்டுக்கும் நடுவில் ஆள் நுழைய முடியாத சந்து விட்டிருப்பார்களே, அது ரொம்ப முக்கியம். நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது, தரையில் படுத்துப் பார்.

ராத்திரி பதினோரு மணிக்கு மேல், வண்டிச் சத்தம் அடங்கியதும் போ. டார்ச்சை இடுப்பளவில் பிடிக்காமல் உன் கண்ணுக்குப் பக்கத்தில் பிடி. பூனையின் கண்ணுக்குள் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற ஒரு படலம் உண்டு. வெளிச்சமும் உன் பார்வையும் ஒரே கோட்டில் போனால் எவ்வளவு இருட்டான மூலையிலும் அந்தக் கண் பச்சையாக மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். தனியாகப் போகாதே. வீட்டுக்கார அம்மாவின் பையனைக் கூட்டிக்கொள், இல்லையென்றால் வாட்ச்மேனையாவது கூட்டிக்கொள்.

அக்கம்பக்கத்தில் "பூனையைப் பார்த்தீங்களா" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதே. இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார்கள், அவர்கள் மேல் தப்பில்லை, அவர்கள் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள். "நானே ஒரு தடவை உங்க கார் ஷெட்டைப் பாத்துக்கட்டுமா" என்று கேள். பூட்டிக் கிடக்கிற கடை, குடோன், ஆள் இல்லாத வீடு இதெல்லாம் குறித்து வை. திறந்திருந்த நேரத்தில் உள்ளே புகுந்து, பூட்டியதும் மாட்டிக்கொள்கிற பூனைகள் அதிகம். சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துத் திறக்கச் சொல்.

அந்தப் பக்கத்துப் பழைய தனி வீடுகளில் கிணறு இருக்கும். பார்க்கப் பயமாக இருக்கும், தெரியும். இருந்தாலும் பார்த்துவிடு. உள்ளே ஏதாவது படிக்கட்டில் ஒட்டிக்கொண்டு இருந்தால் நீங்களாக இறங்க வேண்டாம், தீயணைப்புத் துறைக்கு 101-ல் சொன்னால் வந்து எடுத்துத் தருவார்கள்.

தெருவில் யாருக்குக் கண் இருக்கிறது என்று யோசி. இஸ்திரி வண்டிக்காரர் பகல் முழுக்க ஒரே இடத்தில் நிற்கிறவர். மீன் விற்கிற அம்மாவைச் சுற்றி எந்தப் பூனை வரும், எது புதுசு என்று அவருக்கு அத்துப்படி. விடியற்காலையில் வரும் தூய்மைப் பணியாளர்களிடம் கட்டாயம் கேள். ரோட்டில் ஏதாவது நடந்திருந்தால் முதலில் பார்ப்பது அவர்கள்தான், அந்தப் பதிலும் நமக்கு வேண்டும். தெருவில் விளையாடுகிற பிள்ளைகளிடம் போட்டோவைக் காட்டு, பெரியவர்கள் பத்துப் பேர் பார்க்காததை ஒரு பிள்ளை பார்த்திருக்கும். ஆதம்பாக்கம் வீட்டுக்காரரிடமும் சொல்லி வை. வீடு மாற்றிய பூனை பழைய வீட்டைத் தேடி நடப்பது உண்டு, உனக்கு அது ரொம்ப தூரமும் இல்லை.

நோட்டீஸில் போட்டோ பெரிதாக இருக்கட்டும், எழுத்து கொஞ்சமாக இருக்கட்டும். மிளகின் தாடைக்கு அடியில் இருக்கிற வெள்ளைப் பொட்டை மட்டும் எழுதாதே. பூனை எங்களிடம்தான் இருக்கு, முதலில் பணம் அனுப்புங்கள் என்று யாராவது போன் செய்தால் அதைக் கேள். பொட்டு எங்கே என்று தெரியாதவனுக்கு ஒரு ரூபாய் அனுப்பாதே.

வாசலில் நீ படுத்த போர்வையைப் போட்டு வை. அது மலஜலம் கழிக்கிற மணல் தட்டை வெளியே வைக்கச் சொல்லி யாரோ சொன்னார்கள் என்றாயே, எனக்கு அதில் சம்மதமில்லை. அந்த வாடைக்குத் தெருக் கடுவன் பூனைகள் வந்து நிற்கும், பயந்து கிடப்பது இன்னும் உள்ளே போகும். அதைவிட ராத்திரி ரெண்டு மணிக்கு நெத்திலிக் கருவாட்டைச் சட்டியில் வாட்டு. தெருவில் திட்டுவார்கள், பரவாயில்லை.

கண்ணில் பட்டால் ஓடிப்போய்ப் பிடிக்காதே, கண்ணு. அப்படியே உட்கார், முகத்தைத் திருப்பிக்கொள், மெதுவாகப் பேசு, சாப்பாட்டை வைத்துவிட்டுக் காத்திரு. தூக்கும்போது கெட்டித் துண்டால் சுற்றித் தூக்கு. பயத்தில் உன்னையே கடிக்கும், பிராண்டும். அப்படி ஆனால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. நம்ம வளர்த்த பூனைதானே என்று விடாதே. வெறிநாய்க்கடிக்குப் போடுகிற ஊசி பூனைக் கடிக்கும் வேண்டும்.

கிடைத்ததும் பட்டினி கிடந்ததே என்று தட்டு நிறைய வைத்துவிடாதே. கொஞ்சம் கொஞ்சமாகக் குடு, தண்ணீர் தாராளமாக வை. பால் வேண்டாம், வளர்ந்த பூனைகளில் நிறையவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும், இருக்கிற தெம்பும் போய்விடும். ஈறு வெளுத்திருந்தாலோ, மூக்கிலோ மலத்திலோ ரத்தம் தெரிந்தாலோ எலிமருந்தாக இருக்கலாம். எலி கேக் வகைகள் ரத்தம் உறைவதைத் தடுத்துவிடும், ஒன்றும் ஆகாத மாதிரி சில நாள் இருந்துவிட்டுத்தான் அறிகுறி தெரியும். நேரத்தோடு போனால் வைட்டமின் கே குடுத்துக் காப்பாற்றலாம். வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே கொண்டு போ. வீட்டில் இருக்கிற பாராசிட்டமாலை மட்டும் தொடாதே. பூனையின் உடம்பால் அதை முறிக்க முடியாது, ஒரு மாத்திரையே கொன்றுவிடும். நாய்க்கு உண்ணி போகத் தடவுகிற பெர்மெத்ரின் மருந்தும் அப்படித்தான்.

இனிமேல் வெளியே விடலாமா, அடைத்து வைப்பது பாவமா என்று கேட்டாய். உன் பாட்டி வீட்டில் பூனை வரும் போகும், யாரும் கதவு சாத்தியதில்லை என்று அம்மா சொல்வாள். வாஸ்தவம்தான். அங்கே நெல் மூட்டை இருந்தது, எலி இருந்தது, பூனைக்கு வேலை இருந்தது, ரோட்டில் வண்டி இல்லை. அப்படி இருந்தும் திரும்பி வராத பூனைகளை யாரும் எண்ணிப் பார்த்ததும் இல்லை, ஒன்று போனால் இன்னொன்று வந்தது. நீ வளர்ப்பது அப்படி இல்லை. சென்னைத் தெருவில் பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை பூனை வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும் என்பது என் முடிவான எண்ணம். நாய்க் கூட்டமும் வேக வண்டியும் கடுவன் சண்டையும் அந்த நேரத்தில்தான்.

புது வீட்டில் முதல் சில வாரம் வெளியே அனுப்பவே அனுப்பாதே. முதலில் ஒரே ஒரு ரூம், அது பழகியதும் முழு வீடு, அப்புறம் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் நீ கூடவே நின்று வெளியே விடு. பசி அதைத் திருப்பிக் கூட்டி வரும். ஜன்னலுக்குக் கொசுவலை போதாது, கம்பி வலை அடிக்கச் சொல். கருத்தடை ஏற்கெனவே பண்ணியாயிற்று, அது பெரிய பாதுகாப்பு. இழுத்தால் தானாகக் கழன்றுகொள்கிற கழுத்துப் பட்டையாகப் பார்த்து வாங்கி உன் போன் நம்பரை அதில் எழுது. சாதாரணப் பட்டை எதிலாவது மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். மைக்ரோசிப்பும் போடலாம், தோலுக்கு அடியில் போகிற சின்ன விஷயம், 15 இலக்க எண் இருக்கும். ஆனால் அதைப் படிக்கிற கருவி டாக்டரிடம்தான் இருக்கும், தெருவில் பார்க்கிறவருக்குப் பட்டையில் இருக்கிற நம்பர்தான் உதவும். தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானமே உள் ரூமில் விட்டு, ஃபேனைப் போட்டுக் கதவைச் சாத்திவிடு. பக்கத்து வீட்டில் எலிமருந்து வைத்தால் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி இப்போதே கேட்டு வை. மழை நாளில் காரை எடுக்கும் முன் பானெட்டை ரெண்டு தட்டுத் தட்டச் சொல், இன்ஜின் சூட்டுக்குப் பூனைகள் உள்ளே ஏறிப் படுத்திருக்கும்.

உன் ஆபீஸில் ஒருவர் "ஒரு பூனைக்காகவா லீவு" என்று கேட்டாராம். அவருக்குப் பதில் சொல்லி உன் தெம்பை வீணாக்காதே. மூன்று வருஷமாக நீ வேலை முடிந்து கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த வீட்டில் உனக்காகக் காத்திருந்த ஒரே உயிர் அது. அதற்கு அழாமல் வேறு எதற்கு அழுவது? செத்துப்போனால் அழுது முடிக்கலாம். இது தெரியாமல் இருப்பது. கதவில் ஏதாவது உரசினால் எழுந்து ஓட வைக்கும், சாப்பிட உட்கார்ந்தால் அது சாப்பிட்டதோ என்று தோன்ற வைக்கும். அந்த வேதனை சாவைவிடக் குறைந்தது என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நீ சாப்பிட்டாக வேண்டும், பகலில் கொஞ்சமாவது தூங்க வேண்டும். கண் சொருகுகிற ஆள் இருட்டில் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

எத்தனை நாள் தேடுவது என்று நீ கேட்டதற்குத் தேதி எதுவும் என்னிடம் இல்லை. முதல் ரெண்டு வாரம் தினமும் ராத்திரி போ. அதற்கப்புறம் வாரத்தில் ரெண்டு மூன்று முறை. மழையில் நோட்டீஸ் கிழிந்தால் புதுசு ஒட்டு. மாசம் கழித்து எலும்பும் தோலுமாக வந்து நின்ற பூனைகளும் உண்டு, வராமலே போனவையும் உண்டு. ரெண்டையும் நான் பார்த்ததால்தான் உனக்குப் பொய் சொல்ல மனசு வரவில்லை. அதன் தட்டை எடுத்து வைப்பதா, அங்கேயே விடுவதா, இன்னொரு குட்டியை எடுப்பதா என்பதெல்லாம் இந்த வாரம் யோசிக்கிற விஷயமே இல்லை. யாராவது பாசமாகக் குட்டியைக் கொண்டுவந்து நீட்டினாலும் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடு.

அம்மா இன்று ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் ஏறுகிறாள். கருவாடும் பெரிய டார்ச்சும் கட்டிக் கொடுத்திருக்கிறேன். காலையில் சென்ட்ரலுக்கு நீ வர வேண்டாம், அவளே மின்சார ரயில் பிடித்துப் பழவந்தாங்கலில் இறங்கிக்கொள்வாள், நீ அந்த நேரம் தூங்கு. அவளுக்கு முட்டி வலி அதிகமாக இருக்கிறது, தரையில் குனிந்து பார்க்கிற வேலையை நீ செய், கதவு தட்டி விசாரிக்கிற வேலையை அவளிடம் விட்டுவிடு. எந்தெந்த வீடு பார்த்தாயிற்று என்று ஒரு பேப்பரில் குறித்து அவளிடம் குடு. எந்நேரமானாலும் எனக்குப் போன் பண்ணு, சைலண்ட்டில் போடாமல் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா